குழந்தை எங்கே நிற்கிறது?

அத்தியாயம் 4: முதல் மூன்று வகுப்புகளில் படிப்பையும் பழகும் திறனையும் அளப்பதும் வளர்ப்பதும்

கொரோனா பரவலால் 2020 மார்ச்சில் பூட்டிய பள்ளிகள், தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறந்தன. 2020-இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் பதிந்த குழந்தை, வகுப்பறைக்குள் முதல் முறையாகக் கால் வைத்தபோது இரண்டாம் வகுப்பில் இருந்தது. எழுத்து தெரியாது, எண் தெரியாது என்பது எல்லோரும் எதிர்பார்த்ததே. ஆனால் பத்து நிமிடம் ஓரிடத்தில் உட்காருவது, பக்கத்துப் பிள்ளையிடம் ரப்பரைக் கேட்டு வாங்குவது, குழாயடியில் தன் முறை வரும்வரை நிற்பது ஆகியவையும் பள்ளிக்கு வந்து, நாலு பிள்ளைகளோடு பழகித்தான் கைவரும். அந்தப் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பும் சேர்ந்தே போயிருந்தது.

இடைவெளியை நிரப்ப 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தன்னார்வலர்களை வைத்து மாலை நேர வகுப்புகளைத் தொடங்கியது. 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. எட்டு வயதுக்குள் ஒவ்வொரு குழந்தையும் பொருள் புரிந்து படிக்க வேண்டும், அடிப்படைக் கணக்குப் போட வேண்டும் என்பது அதன் இலக்கு. ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாக அது பார்த்தது. மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை ஒன்றாம் வகுப்பு நிலையில் இருந்தால் அது அரும்பு. அங்கிருந்துதான் அதற்குப் பாடம் தொடங்க வேண்டும். எந்த வகுப்பு என்ற கேள்விக்கு முன்னால் எந்த நிலை என்ற கேள்வியை வைத்ததே அந்தத் திட்டத்தின் முக்கியமான செயல்.

இந்த அத்தியாயம் அந்தக் கேள்வியைப் பற்றியது. குழந்தை எங்கே நிற்கிறது என்று பார்ப்பதன் ஒரே பயன், நாளைக் காலை அதனோடு என்ன செய்வது என்று தெரிந்துகொள்வது. அதற்கு உதவாத அளவீடு எதுவும் வகுப்பாசிரியரின் நேரத்துக்குத் தகுதியானது இல்லை.

படிப்பும் பழகுதலும் ஏன் ஒரே குறிப்பேட்டில்?

முன்னேற்ற அட்டையில் தமிழுக்கும் கணக்குக்கும் தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். பிள்ளை எப்படிப் பழகுகிறது என்பதற்குப் பெரும்பாலும் ‘நன்று’ என்ற ஒற்றைச் சொல்தான். இரண்டும் வேறு வேறு என்ற எண்ணம் இதில் ஒளிந்திருக்கிறது.

ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. இத்தாலியில் ஜியான் விட்டோரியோ கப்ராராவும் அவருடைய குழுவினரும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை எட்டாம் வகுப்பு வரை பின்தொடர்ந்து 2000-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார்கள். மூன்றாம் வகுப்பில் பகிர்ந்துகொள்வது, உதவுவது, ஒத்துழைப்பது போன்ற குணங்கள் எட்டாம் வகுப்பின் படிப்பை முன்கூட்டிக் காட்டின; மூன்றாம் வகுப்பு மதிப்பெண்களைவிட நன்றாகவே காட்டின. அமெரிக்க உளவியலாளர்கள் ஃபிராங்க் கிரெஷாமும் ஸ்டீபன் எலியட்டும் 1990-இல் வெளியிட்ட சமூகத் திறன் மதிப்பீட்டு முறையும் இரண்டையும் சேர்த்தே பார்த்தது. ஒத்துழைத்தல், தன் கருத்தைச் சொல்லுதல், பொறுப்பு, பிறர் நிலை உணர்தல், தன்னடக்கம் என்று திறன்களை வகைப்படுத்தி, அவற்றோடு ஆசிரியர் பிள்ளையின் படிப்பையும் மதிப்பிடும் பகுதியை அது வைத்தது.

வகுப்பறையில் நின்று பார்த்தாலே காரணம் புரியும். சந்தேகத்தைக் கேட்கத் துணியாத பிள்ளை தப்பான கணக்கைத் தப்பாகவே ஒரு வாரம் போட்டுக்கொண்டிருக்கும். முறைக்குக் காத்திருக்க முடியாத பிள்ளை குழு வேலையிலிருந்து விலக்கப்படும். விலக்கப்பட்ட இடத்தில் அதற்குப் பாடமும் இருக்காது. எதிர்த்திசையிலும் இது நடக்கும். வாசிக்கத் தெரியாத பிள்ளை, வாசிக்கச் சொல்லும் நேரம் பார்த்துப் பக்கத்துப் பிள்ளையிடம் சண்டை இழுக்கும். கண்டிப்பு கிடைத்தாலும் வாசிப்பிலிருந்து தப்பிவிடும். அந்தச் சண்டையை நடத்தைக் குறிப்பில் மட்டும் எழுதிவைத்தால் உண்மையான காரணம் கண்ணில் படாது.

சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, குழந்தை அச்சமும் பதற்றமும் இல்லாமல் கற்க வேண்டும் என்கிறது. அதன் புரிதலைத் தொடர்ச்சியாகவும் முழுமையாகவும் மதிப்பிட வேண்டும் என்கிறது. 2022-இல் வந்த அடித்தள நிலைக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகம் இன்னும் ஒரு படி மேலே போய், மூன்று முதல் எட்டு வயதுக் குழந்தைகளுக்குத் தேர்வு என்பதே பொருந்தாத கருவி என்று சொல்லிவிட்டது. உற்றுக் கவனிப்பதும் குழந்தை செய்தவற்றை எடுத்துப் பார்ப்பதுமே அந்த வயதுக்கு வழி.

வாசிப்பை அளத்தல்: ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம்

பிரதம் அமைப்பு 2005 முதல் நடத்திவரும் ஏசர் கணக்கெடுப்பின் வாசிப்புக் கருவி ஒரே தாளில் அடங்கும். எழுத்துகள், எளிய சொற்கள், ஒன்றாம் வகுப்பு நிலையில் ஒரு சிறு பத்தி, இரண்டாம் வகுப்பு நிலையில் ஒரு கதை. வீடு வீடாகப் போகும் தன்னார்வலர்களுக்காக உருவானது என்றாலும், வகுப்பாசிரியர் இதே வரிசையில் தன் பாடநூலிலிருந்தே ஒரு தாளைத் தயாரித்துக்கொள்ளலாம்.

செய்முறை எளிது. பிள்ளையைத் தனியாக, வகுப்பின் ஓரத்தில் பாயில் பக்கத்தில் உட்காரவைக்க வேண்டும். எதிரே உட்கார்ந்தால் அது தேர்வாகிவிடும். முதலில் பத்தியைக் கொடுக்கலாம். தடையில்லாமல் படித்தால் கதைக்குப் போகலாம். பத்தி கடினம் என்றால் சொற்களுக்கு இறங்கி, பிடித்த ஐந்து சொற்களைத் தொட்டுப் படிக்கச் சொல்லலாம். நான்கு சரியாக வந்தால் பிள்ளை சொல் நிலையில் இருக்கிறது. இல்லையென்றால் அதே முறையில் எழுத்துகள். எந்தப் படியில் கால் ஊன்றி நிற்கிறதோ, அதுவே பிள்ளையின் நிலை.

பத்தி படிக்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு கருவி உதவும். நியூசிலாந்தின் மேரி கிளே உருவாக்கிய முறையில், பிள்ளை சத்தமாகப் படிக்கும்போது ஆசிரியர் ஒவ்வொரு சொல்லுக்கும் குறி போட்டுக்கொண்டே வருவார். ஐம்பது சொற்கள் கொண்ட பகுதியில் இரண்டு தவறுக்குள் இருந்தால் அந்தப் புத்தகம் பிள்ளைக்கு எளிது. தானாகப் படிக்கக் கொடுக்கலாம். மூன்று முதல் ஐந்து என்றால் ஆசிரியர் பக்கத்தில் இருந்து படிக்கவைக்க ஏற்றது. அதற்கு மேல் போனால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். இந்த அளவுகோல் ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளை வைத்து எழுந்தது. தமிழில் ‘போய்க்கொண்டிருந்தார்கள்’ என்பது ஒரே சொல். ஆகவே எண்ணிக்கையைக் கறாராகப் பிடித்துக்கொள்ளாமல் தோராயமான வழிகாட்டியாக வைத்துக்கொள்வதே சரி.

எத்தனை தவறு என்பதைவிட என்ன தவறு என்பதே ஆசிரியருக்கு வேலை கொடுக்கும். 247 எழுத்துகளில் பிள்ளைகள் தடுக்கும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். கெ, கே, கை என்று எழுதும்போது குறி எழுத்துக்கு முன்னால் வருகிறது. ஒலிக்கும்போது பின்னால் வருகிறது. கொ, கோ என்றால் இரண்டு பக்கமும் குறி. கு, சு, து, பு, மு என்ற வரிசையில் உகரக் குறி ஒரே வடிவத்தில் இருப்பதில்லை. இந்த இரண்டில் எதில் சிக்கல் என்று தெரிந்துவிட்டால் அடுத்த வாரப் பயிற்சி தானாகவே முடிவாகிவிடும். ண, ந, ன குழப்பமும் ர, ற குழப்பமும் எழுத்தில் பல ஆண்டுகள் நீடிப்பவை. இரண்டாம் வகுப்பில் அவற்றுக்காக மனம் கலங்க வேண்டியதில்லை.

பேச்சு வழக்கைத் தவறாக எண்ணுவது அடிக்கடி நடக்கும் பிழை. ‘வாழைப்பழம்’ என்று அச்சிட்டிருப்பதைப் பிள்ளை ‘வாழப்பளம்’ என்று வாசித்தால், அதற்கு எழுத்தும் தெரிந்திருக்கிறது, பொருளும் புரிந்திருக்கிறது. உச்சரிப்பைத் தனியாகக் குறித்துக்கொண்டு வாசிப்பைச் சரி என்றே பதிவிட வேண்டும். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகளும், திருப்பூர், சென்னை போன்ற ஊர்களில் வேலைக்கு வந்த வடமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் இதே வகுப்பில் இருக்கிறார்கள். அவர்கள் எழுத்தைத் தடையில்லாமல் படித்துவிட்டுப் பொருள் தெரியாமல் நிற்கக்கூடும். அதனால் படித்து முடித்ததும் இரண்டு கேள்வி கேட்பது கட்டாயம்: கதையில் என்ன நடந்தது, ஏன் அப்படி நடந்தது. பதில் எந்தப் பேச்சில் வந்தாலும், சைகையில் வந்தாலும்கூட, ஏற்கலாம்.

கணக்கை அளத்தல்: தவறே தடயம்

கணக்கிலும் ஏறி இறங்கும் முறைதான். ஏசர் கருவி கடன் வாங்கிக் கழிக்கும் ஈரிலக்கக் கணக்கிலிருந்து தொடங்குகிறது. வராவிட்டால் ஈரிலக்க எண்களைப் படிப்பது, அதுவும் வராவிட்டால் 1 முதல் 9 வரை. முதல் இரண்டு வகுப்புகளுக்கு இதற்கும் கீழே இன்னொரு படி வேண்டும்: புளியங்கொட்டைகளை எண்ணுவது. ‘ஒன்று, இரண்டு’ என்று ஒப்பிப்பது வேறு. ஒவ்வொரு கொட்டைக்கும் ஒரு எண் சொல்லி, கடைசியில் ‘மொத்தம் ஏழு’ என்று நிறுத்துவது வேறு. பத்து கொட்டைகளைக் கலைத்துப் போட்டு மறுபடி எத்தனை என்று கேட்டால், சில பிள்ளைகள் முதலிலிருந்து எண்ணத் தொடங்கும். எடுக்காமல் சேர்க்காமல் இருந்தால் எண்ணிக்கை மாறாது என்ற புரிதல் அங்கே இன்னும் வரவில்லை.

தவறான விடையை அடித்துவிட்டு நகர்வது பெரிய இழப்பு. 32-இலிருந்து 17-ஐக் கழித்து 25 என்று எழுதிய பிள்ளை கவனக்குறைவாக எழுதவில்லை. ஒன்றின் இடத்தில் 7-இலிருந்து 2-ஐக் கழித்திருக்கிறது. எப்போதும் பெரியதிலிருந்து சிறியது என்ற தன் விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறது. ‘நூற்று ஐந்து’ என்று சொன்னதும் 1005 என்று எழுதும் பிள்ளை கேட்டதை அப்படியே எழுதியிருக்கிறது. முதல் பிள்ளைக்குத் தீக்குச்சிக் கட்டுகள் வேண்டும்: பத்துக் குச்சிக் கட்டை அவிழ்த்து ஒன்றுகளோடு சேர்த்துக் கழிக்கும் பயிற்சி. இரண்டாம் பிள்ளைக்கு இடமதிப்பு அட்டைகள் வேண்டும். இருவருக்கும் ‘பத்து தடவை எழுதிக்கொண்டு வா’ என்ற வேலையைக் கொடுத்தால் இருவரின் தவறும் பத்து தடவை உறுதிப்படும்.

எண்பதுக்குப் பிறகு வரும் தொண்ணூறில் பல பிள்ளைகள் தடுமாறும். இருபது, முப்பது, நாற்பது என்று வந்த ஒழுங்கு அங்கே மாறுகிறது. இதை மந்தம் என்று எண்ணாமல், எண் பெயர்களின் வழியே வரும் இயல்பான தடங்கலாகப் பார்த்து, எண்கோட்டில் காட்டிவிட்டு நகரலாம்.

பழகும் திறனை அளத்தல்: சாப்பாட்டு வரிசையும் விளையாட்டு மைதானமும்

சமூகத் திறனுக்குத் தாளும் பென்சிலும் உதவாது. ‘நண்பனுக்கு உதவுவாயா?’ என்று கேட்டால் எல்லாப் பிள்ளையும் ‘உதவுவேன் டீச்சர்’ என்றுதான் சொல்லும். பார்க்க வேண்டிய இடங்கள் வேறு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியதிலிருந்து அரசுத் தொடக்கப் பள்ளிகளில் பாடம் தொடங்கும் முன்பே பிள்ளைகள் சேர்ந்து உட்காரும் நேரம் ஒன்று கிடைத்திருக்கிறது. தட்டு எடுக்கும் வரிசை, யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள், சிந்திவிட்ட பிள்ளைக்கு யார் துணி எடுத்துத் தருகிறார்கள் என்று பத்து நிமிடத்தில் எவ்வளவோ தெரியும். மதியச் சத்துணவு, இடைவேளை, குழுவாகப் படம் ஒட்டும் வேலை ஆகியவை மற்ற இடங்கள்.

எதைப் பார்ப்பது என்று முன்னரே தீர்மானித்துக்கொண்டால் கண் அலையாது. முதல் மூன்று வகுப்புகளுக்கு இந்த எட்டுச் செயல்கள் போதும்:

1. தன் முறை வரும்வரை காத்திருக்கிறது.
2. பொருளைப் பறிக்காமல் கேட்டு வாங்குகிறது.
3. தெரியாததை ஆசிரியரிடமோ தோழரிடமோ கேட்கிறது.
4. விளையாட்டில் தானாகச் சேர்ந்துகொள்கிறது, அல்லது பிறரைச் சேர்த்துக்கொள்கிறது.
5. அழும் அல்லது அடிபட்ட பிள்ளையைக் கவனிக்கிறது.
6. கோபம் வந்தபின் சில நிமிடங்களில் அமைதியாகிறது.
7. ஒரு வேலையைப் பாதியில் விடாமல் முடிக்கிறது.
8. தனக்குப் பிடிக்காததைச் சொல்லால் சொல்கிறது.

ஒவ்வொன்றுக்கும் மூன்று குறிகள்: தானாகச் செய்கிறது, நினைவூட்டினால் செய்கிறது, இன்னும் வரவில்லை. மதிப்பெண் வேண்டாம், கூட்டுத்தொகை வேண்டாம். கூட்டினால் பிள்ளைகளை வரிசைப்படுத்தத் தோன்றும். வரிசையால் யாருக்கும் பயனில்லை.

முப்பது பிள்ளைகளையும் ஒரே நாளில் பார்க்க முடியாது. நாளுக்கு மூன்று பிள்ளைகள் என்று வைத்துக்கொண்டால் பத்து பள்ளி நாட்களில் வகுப்பு முழுவதும் ஒரு சுற்று முடிந்துவிடும்.

குறிப்பு எழுதும் விதத்தில்தான் பெரும்பாலும் சறுக்கல் நேர்கிறது. ‘முரட்டுப் பையன், யாரோடும் ஒத்துப்போவதில்லை’ என்பது தீர்ப்பு. ‘செவ்வாய், காலை இடைவேளை. பந்து தன்னிடம் வராததால் பக்கத்துப் பையனைத் தள்ளினான். கூப்பிட்டதும் நின்றான். சற்று நேரத்தில் அதே பையனிடம் பந்தை உருட்டிவிட்டான்’ என்பது குறிப்பு. முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, அதன்பின் என்ன கிடைத்தது என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. இப்படி நாலைந்து குறிப்புகள் சேர்ந்தால், பந்து வராத நேரத்தில் மட்டுமே தள்ளுகிறான் என்பது தெரியவரும். அப்போது கற்றுத்தர வேண்டியது ‘எனக்கும் தா’ என்று கேட்கும் ஒரு சொல்தான்.

விளையாட்டைக் கவனிக்க மில்ட்ரெட் பார்ட்டன் 1932-இல் வகுத்த நிலைகள் இன்றும் பயன்படுகின்றன. ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பது, தனியாக ஆடுவது, பக்கத்தில் இருந்தும் தன்பாட்டுக்கு ஆடுவது, பொருளைப் பகிர்ந்து ஆடுவது, விதி வைத்துச் சேர்ந்து ஆடுவது. ஒரு நாள் வேடிக்கை பார்த்த பிள்ளையைப் பற்றிக் கவலை தேவையில்லை. பத்து நாளும் வேடிக்கை மட்டுமே பார்க்கும் பிள்ளை கவனிக்கப்பட வேண்டியது.

அப்படிப்பட்ட பிள்ளைகள்தான் எளிதில் விடுபட்டுப் போகிறார்கள். சத்தம் போடும் பிள்ளையின் பெயர் ஒரு நாளில் பத்து முறை ஆசிரியரின் வாயில் வரும். மூலையில் உட்கார்ந்து, எதையும் கேட்காமல், எதையும் கெடுக்காமல் இருக்கும் பிள்ளையை ‘நல்ல பிள்ளை’ என்று விட்டுவிடுவது வழக்கம். பெண் குழந்தையாக இருந்தால் இன்னும் அதிகம். ராபர்ட் குட்மேன் 1997-இல் வெளியிட்ட 25 கூற்றுகள் கொண்ட வினாநிரலில், நடத்தைச் சிக்கலுக்கும் துறுதுறுப்புக்கும் இருப்பதுபோலவே மனவாட்டத்துக்கும் தோழமைச் சிக்கலுக்கும் தலா ஐந்து கூற்றுகள் இருப்பதன் காரணம் இதுதான். பிறருக்கு உதவும் குணத்துக்கும் அதில் ஐந்து கூற்றுகள் உண்டு. குறைகளோடு பிள்ளையின் பலத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது அது. இத்தகைய வினாநிரல்கள் ‘இந்தப் பிள்ளையை இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்’ என்று மட்டுமே சொல்லும். நோய்ப் பெயர் சூட்ட அவை உதவமாட்டா. அந்த வேலை வகுப்பாசிரியருடையதும் இல்லை.

யாருக்கு யார் தோழர் என்று அறிய, ‘நாளைக்கு யார் பக்கத்தில் உட்கார ஆசை?’ என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் தனியாகக் கேட்கலாம். யாரும் பெயர் சொல்லாத பிள்ளை எது என்பது அதில் தெரியும். ‘யாரைப் பிடிக்காது?’ என்ற கேள்வியை ஒருபோதும் கேட்கக் கூடாது. அந்தக் கேள்வியே ஒரு பிள்ளையைத் தனிமைப்படுத்திவிடும்.

இரண்டு எச்சரிக்கைகள். எட்வர்ட் தார்ன்டைக் 1920-இலேயே சுட்டிக்காட்டியது முதலாவது: ஒருவரிடம் ஒரு நல்ல குணத்தைப் பார்த்தவர் மற்ற குணங்களையும் உயர்த்தியே மதிப்பிடுகிறார். துவைத்த சீருடையும் தெளிவான கையெழுத்தும் கொண்ட பிள்ளைக்குப் பழகும் திறனிலும் நல்ல குறி விழுந்துவிடும். இதற்கு ஒரே மருந்து, இன்னொரு கண். உடற்கல்வி பார்க்கும் ஆசிரியர், சத்துணவு அமைப்பாளர், இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர் என்று யாராவது ஒருவர் அதே பிள்ளையைப் பற்றி என்ன சொல்கிறார் என்று கேட்க வேண்டும். இரண்டாவது, சாதி, பெற்றோரின் தொழில், அண்ணன் அக்காவின் பழைய பெயர் ஆகியவை. ‘அந்தக் குடும்பத்துப் பிள்ளை இப்படித்தான்’ என்ற எண்ணத்தோடு எழுதிய குறிப்பு எதையும் அளக்கவில்லை.

தெரியாதா, தெரிந்தும் செய்யவில்லையா?

கிரெஷாமின் ஆய்வுகள் ஆசிரியர்களுக்குத் தந்த மிகப் பயனுள்ள கேள்வி இது. ஒரு திறன் பிள்ளையிடம் இல்லவே இல்லை என்பது ஒன்று. இருக்கிறது, ஆனால் வேண்டிய இடத்தில் வெளிப்படவில்லை என்பது இன்னொன்று. வீட்டில் தம்பியோடு அழகாகப் பகிர்ந்துகொள்ளும் பிள்ளை வகுப்பில் பென்சிலை மறைத்துவைத்தால் அதற்குப் பகிரத் தெரியும். வகுப்பில் கொடுத்த பென்சில் திரும்ப வருவதில்லை என்ற அனுபவம் அதைத் தடுக்கலாம். பென்சிலைத் திருப்பித் தரும் ஒழுங்கை வகுப்பில் ஏற்படுத்தினால் போதும்.

திறனே இல்லாதபோது நேராகக் கற்றுத்தர வேண்டும், எழுத்தைக் கற்றுத்தருவதுபோலவே. சொல்லி, செய்து காட்டி, செய்யவைத்து, வேறு இடத்திலும் செய்கிறதா என்று பார்ப்பது என நான்கு படிகள். ‘விளையாட்டில் சேர்த்துக்கொள்ளக் கேட்பது எப்படி’ என்பதைப் பொம்மலாட்டப் பொம்மை இரண்டை வைத்து ஐந்து நிமிடத்தில் காட்டலாம். ஒரு பொம்மை நடுவில் புகுந்து பந்தைப் பிடுங்குகிறது. இன்னொரு பொம்மை ஆட்டம் நிற்கும்வரை பார்த்துவிட்டு ‘நானும் வரட்டுமா?’ என்கிறது. எதைச் சேர்த்துக்கொள்வீர்கள் என்று கேட்டால் பிள்ளைகளே காரணம் சொல்வார்கள். பிறகு இருவர் இருவராக நடித்துப் பார்ப்பது. அன்றைய இடைவேளையில் யாராவது அப்படிக் கேட்டால் உடனே, பெயர் சொல்லி, செய்த செயலைச் சொல்லிப் பாராட்ட வேண்டும். வெறும் ‘வெரி குட்’ சொன்னால் எதற்காக என்று பிள்ளைக்குத் தெரியாது.

ஒதுங்கி நிற்கும் பிள்ளையைக் கூட்டத்துக்குள் தள்ளுவது பயன் தராது. ஒரே ஒரு தோழனோடு செய்யும் வேலை கொடுக்கலாம்: செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, புத்தகங்களை அடுக்குவது. இருவர் மூவராவது பிறகு தானாக நடக்கும்.

படிப்பில் துணை நிற்றல்

மும்பையிலும் வதோதராவிலும் பிரதம் நடத்திய பால்சகி திட்டத்தில், மூன்றாம் நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய பிள்ளைகளை உள்ளூர் இளம்பெண்கள் நாளுக்கு இரண்டு மணிநேரம் தனியாக உட்காரவைத்து, அவர்கள் நிற்கும் இடத்திலிருந்து சொல்லிக்கொடுத்தார்கள். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, அந்தப் பிள்ளைகளின் கற்றல் கணிசமாக உயர்ந்ததைக் காட்டியது. நிலைக்கேற்பக் குழு பிரித்துக் கற்பிக்கும் முறைக்கு இன்று கிடைத்திருக்கும் மதிப்பின் வேர்களில் ஒன்று அது.

தமிழ்நாட்டுக்கு இது புதிதும் இல்லை. ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளைப் பார்த்து, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலில், பிள்ளை ஏணிப்படி அட்டையில் தன் இடத்தைத் தானே கண்டுபிடித்து, அடுத்த அட்டையைத் தானே எடுத்துவந்து உட்காரும். மதிப்பீடும் அந்த அட்டைகளில் ஒன்றாகவே இருந்தது. தேர்வு என்று தனி நாள் கிடையாது.

வகுப்பில் இதைச் செய்ய நாளுக்கு ஒரு பாடவேளை போதும். அந்த நேரத்தில் மட்டும் நிலைவாரியாகக் குழுக்கள். மற்ற நேரம் எல்லோரும் கலந்தே உட்கார வேண்டும். அரும்புக் குழு ஆசிரியரின் அருகில் இருக்கட்டும். மொட்டுக் குழு இருவராகச் சொல் அட்டைகளோடும், மலர்க் குழு கதைப் புத்தகங்களோடும் தாமாகவே வேலை செய்யலாம். ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடச் சோதனையை மறுபடி செய்து குழுவை மாற்ற வேண்டும். மாறாத குழு ஒரு சின்ன சாதியாகிவிடும். ‘நீ அரும்புதானே’ என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் அழைக்கத் தொடங்கினால், நிலைப் பெயரை ஆசிரியர் குறிப்பேட்டுக்குள் வைத்துக்கொண்டு, குழுக்களுக்கு மயில், கிளி என்று பெயர் வைத்து அடிக்கடி கலைத்துவிடலாம்.

முன்னேறாதபோது

ஆறு வாரம் முறையாகத் துணை நின்றும் அசைவில்லை என்றால் முதலில் கண்ணையும் காதையும் பார்க்க வேண்டும். கரும்பலகையைக் கண் சுருக்கிப் பார்க்கும் பிள்ளை, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை ஆகியோருக்குப் பாடம் இன்னும் போய்ச் சேரவே இல்லை. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு ஒருமுறை அரசுப் பள்ளிகளுக்கு வருகிறது. அந்த நாளுக்கு முன்பே சந்தேகமுள்ள பிள்ளைகளின் பட்டியலும் குறிப்புகளும் தயாராக இருந்தால், வரிசையில் ஒரு நிமிடம் நின்றுபோகும் பிள்ளைக்கு உண்மையான பரிசோதனை கிடைக்கும். அடுத்ததாக வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் உண்டு. சான்று பெற்ற பிள்ளைக்கு உரிமைகளும் உண்டு. அதைத் தீர்மானிப்பது உரிய மருத்துவ, உளவியல் வல்லுநர்கள். ஆசிரியரின் பங்கு, தேதியிட்ட குறிப்புகளை அவர்கள் கையில் கொடுப்பது.

வீட்டாரிடம் பேசுதல்

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் ஒரு பிள்ளையின் நிலையைச் சொல்லக் கூடாது. வாசலில் விட வரும்போது, தனியாக, இரண்டு நல்ல செய்தியோடு தொடங்கலாம். ‘உங்க பொண்ணு கொட்டையெல்லாம் டக்கு டக்குன்னு எண்ணிடுதும்மா. கீழ விழுந்த பிள்ளைய அதுதான் ஓடிப்போய்த் தூக்குச்சு. கு, சு, துன்னு வர்ற எழுத்துலதான் தடுக்குது. ராத்திரி படுக்கும்போது இந்த அட்டைய அஞ்சு நிமிஷம் காட்டுங்க, போதும்’ என்று சொன்னால், படிக்காத தாயும் செய்யக்கூடிய ஒரு வேலையோடு வீட்டுக்குப் போவார். பெற்றோரிடம் ஒரு கேள்வியும் கேட்க வேண்டும்: வீட்டில் பிள்ளை எதை விரும்பிச் செய்கிறது? பள்ளியில் வாய் திறக்காத பிள்ளை வீட்டில் ஓயாமல் கதை சொல்கிறது என்று தெரிந்தால், முழுக் குறிப்பையும் திருத்தி எழுத வேண்டியிருக்கும்.

ஆண்டுக் கால அட்டவணை

ஜூனில் முதல் இரண்டு வாரம் எந்த அளவீடும் வேண்டாம். பிள்ளை பள்ளிக்குப் பழகட்டும். ஜூன் கடைசியில் வாசிப்பு, கணக்கு முதல் சோதனை. ஜூலையில் பழகும் திறனுக்கு முதல் சுற்று. ஆகஸ்ட் நடுவிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை சோதனையும் குழு மாற்றமும். நவம்பரிலும் பிப்ரவரியிலும் பழகும் திறனுக்கு மறுசுற்று. ஏப்ரலில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அரைப் பக்கக் குறிப்பு எழுதி அடுத்த வகுப்பு ஆசிரியரிடம் கொடுப்பது. அந்த அரைப் பக்கத்தில் பிள்ளை எங்கே நிற்கிறது, எது உதவியது, எது உதவவில்லை என்ற மூன்று மட்டும் இருக்கட்டும். கோப மிகுதியில் எழுதிய சொல் ஏதும் அதில் இருந்தால் அடித்துவிட வேண்டும்; ஒரு பெயர் ஒட்டிக்கொண்டால் அது பிள்ளையோடு ஐந்தாம் வகுப்பு வரை நடந்து போகும்.

இதைப் படிக்கும் ஆசிரியர்கள் நாளையே வகுப்பு முழுவதையும் அளக்கத் தொடங்க வேண்டாம். கடந்த ஒரு வாரத்தில் உங்கள் வாயில் பெயரே வராத பிள்ளை யார் என்று வருகைப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். நாளைக் காலை உணவு நேரத்தில் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் போய் உட்காருங்கள். முதல் குறிப்பை அங்கிருந்து எழுதுங்கள்.